ஷேட் மேடம் ஒருமுறைதான் பார்ப்பார்

மராத்தி பேசும் ஊரான சாகணில் நான் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் அவருக்கு ஷேட் மேடம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு தவிர வேறு எதுவும் பயன்படுத்தியதாக நினைவில்லை. வண்டியின் இரும்பு உடம்பும், வெளியிலிருந்து பெயின்ட் அடித்து வரும் பிளாஸ்டிக் பம்பரும் ஒரே நிறமாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதையே கருவியால் அளந்து எண்ணாகச் சொல்வது என் வேலை. இருவருக்கும் ஒரே அறை, ஜன்னல் கிடையாது. சாம்பல் நிற உட்சுவர் கொண்ட ஒரு விளக்குப் பெட்டி, அதன் முன்னால் இரண்டு ஸ்டூல்கள்.

பெட்டிக்குள் மாதிரித் தகட்டையும் புதிதாக வந்த தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒரு மூச்சு விடும் நேரம் பார்ப்பார். "ஓகே" அல்லது "இல்ல." அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சூப்பர்வைசர் ஓடி வந்து, "மேடம், ஏக் பார் அவுர் தேக் லோ," இன்னொரு முறை பாருங்கள் என்று கெஞ்சினாலும் திரும்ப மாட்டார்.

"ரெண்டாவது தடவ பாத்தா கண்ணு சமாதானம் பேச ஆரம்பிச்சுரும் அம்மிணி," என்பார் என்னிடம். "மொதத் தடவதான் அது நெசம் பேசும்."

இது பிடிவாதம் மட்டுமல்ல. ஒரே நிறத்தைத் தொடர்ந்து பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும், வித்தியாசம் மங்கும். கல்லூரியில் நான் பாடமாகப் படித்ததை அவர் திருப்பூர் சாயப்பட்டறையில் பத்து வருடம் துணித்துண்டுகளைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். என் கருவியும் அவர் கண்ணும் முரண்பட்ட நாட்கள் முதல் இரண்டு வருடத்தில் மொத்தம் நான்கு. நான்கிலும் கருவியின் கண்ணாடி அழுக்காக இருந்தது.

வேலைக்கு வெளியேயும் அப்படித்தான். பக்கத்து ஊர் மோஷியில் எங்கள் இருவருக்கும் வீடு பார்க்கப் போனபோது வாசற்படியில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "இதே போதும்." முன்பணம் கொடுத்துக் குடிவந்த பிறகுதான் குளியலறைக்கு ஜன்னலே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டியில் கத்தரிக்காயைக் கூடையின் மேலிருந்து நாலு எடுத்துப் பையில் போடுவார். விற்கும் அம்மாளே பதறிப்போய், "தாயீ, நீட் பகா நா!" என்பாள். நன்றாகப் பார்த்து எடு என்று கடைக்காரியே சொல்வது எங்களுக்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

என்னையும் அப்படித்தான் எடுத்தார். நான் சேர்ந்த முதல் வாரம், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அம்மாவிடம் போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பக்கத்தில் நின்ற பெண் கேட்டார், "எங்க தங்கியிருக்கற?" ஹாஸ்டல் என்றேன். "எங்கூட வந்து இரு." அவ்வளவுதான். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மறுநாளிலிருந்து அக்கா.

கணவரைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார்.

"கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா பாத்தேன். அது மட்டும் தப்பாப் போச்சு."

"ஏன்க்கா?"

"கரன்ட் இல்லாத நேரம். லைட் சரியில்ல."

சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவராகச் சொல்வதைக் கேட்பேன், சொல்லாததைக் கேட்க மாட்டேன். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடையில் அவர் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டி தெரிந்தது. தொட்டால் வலியில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றாகவும் இருக்கலாம் என்றார். முடிவு வர எட்டு நாள் ஆனது.

அந்த எட்டு நாளும் அக்கா எப்போதும்போல வேலைக்கு வந்தார், எப்போதும்போல ஒருமுறை பார்த்தார். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு அப்படித்தான் பயம் குறையும். பல புற்றுநோய் மருந்துகளுக்கு எதிரியின் முகம் தெரியாது, வேகம்தான் தெரியும் என்று புரிந்தது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்லை அடிக்கும். முடியின் வேரும் வாயின் உட்தோலும் குடலின் உட்சுவரும் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமும் வேகமாகப் பெருகுபவை. அவையும் சேர்ந்து அடிபடும். முடி கொட்டினால் என்ன செய்வது, வாய் புண்ணானால் என்ன சமைப்பது, காய்ச்சல் எத்தனை டிகிரி தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று நோட்டில் பதினேழு வரி எழுதிவிட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன அம்மிணி எழுதற?"

"சும்மா. முடி கொட்டுனா…"

"அடப் போ. இருக்கறதே எலி வாலாட்டம். கொட்டுனா சீப்புக்கு லீவு."

எட்டாம் நாள் முடிவு வந்தது. காசநோய். நுரையீரலில் இல்லை, கழுத்து நெறிக்கட்டியில் மட்டும். யாருக்கும் ஒட்டாது. ஆறு மாதம் மாத்திரை. அக்கா அரைக்கிலோ பேடா வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போதே, "டிபியாமா! வெறும் டிபி!" என்று கத்தினார். பிறகு உதட்டில் விரலை வைத்து, "பிளான்ட்டுல யாருக்கும் தெரியக்கூடாது," என்றார். டிபிக்காக இப்படி மகிழ்ந்த இரண்டு பேரை அந்தக் கட்டடம் அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

எங்கள் தவறு அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். வராத நோயின் மருந்துக்குப் பதினேழு வரி எழுதிய நான், வந்த நோயின் மருந்துக்கு ஒரு வரி எழுதவில்லை.

மாத்திரை வாங்க ஷிப்ட் முடிந்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவர் காலிலும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. மருந்து எடையைப் பொறுத்தது. ஐம்பது கிலோ என்றால் நாளுக்கு நாலு மாத்திரை, அதற்குக் கீழே மூன்று. அக்கா அப்படியே எடைக் கருவியில் ஏறினார். சரியாக ஐம்பது. எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பூட் காடூன் பரத் உபே ரஹா," என்றாள். ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறி நில் என்கிறாள்.

"ஹோ கயா நா?" என்றார் அக்கா, ஆகிவிட்டதே என்கிற தோரணையில். "ஒருக்கா பாத்தாச்சு. எழுதிக்க."

வெளியே நீண்ட வரிசை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஷூ ஜோடியின் எடை எனக்குத் தெரியும், ஏனென்றால் என் காலிலும் அதுவே இருந்தது.

டாக்டர் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார். ஒரு மாத்திரைக்குள் நான்கு மருந்து. ஒன்றை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பும் கிருமி பிழைத்துப் பெருகும் என்பதால் நான்கும் சேர்ந்து வெவ்வேறு இடத்தில் அடிக்கின்றன. ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்படாதே. ஒன்று கிருமியின் சுவரைக் கட்டவிடாது. அந்தச் சுவர் மனித செல்லில் கிடையாது. இவ்வளவு சரியான குறி வைத்த மருந்து வேறு எதைத் தொடப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் சொன்னார்: அந்த மருந்து அபூர்வமாகக் கண் நரம்பைத் தொடும். எழுத்து மங்கினாலோ சிவப்பும் பச்சையும் மாறித் தெரிந்தாலோ அன்றைக்கே வா. உடனே நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். தாமதித்தால் திரும்பாமலும் போகலாம்.

அக்கா தலையாட்டினார். நானும்.

முதல் இரண்டு மாதம் நன்றாகப் போனது. கட்டி சுருங்கியது. காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரையை ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். குளியலறையிலிருந்து வந்து, "இன்னிக்கு நம்ம பழைய டாக்ஸி மாடல் ஆரஞ்சு. ஷேட் பாஸ்," என்பார்.

ஆகஸ்டில் ஒரு சிறிய மாற்றம். தகட்டைப் பெட்டிக்குள் வைத்ததும், "மொதல்ல உன் நம்பரச் சொல்லு," என்று கேட்க ஆரம்பித்தார். நான் எண்ணைச் சொன்ன பிறகு ஓகே அல்லது இல்ல. இரண்டரை வருடத்தில் அவர் என் கருவியை மதித்தது அப்போதுதான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அம்மாவிடம் போனில்கூடச் சொன்னேன்.

செப்டம்பரில் ஆடிட் வந்தது. கண் முடிவை முதலில் எழுத வேண்டும், கருவி எண்ணை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒரு சிவப்புப் பம்பரின் தகடு. அக்கா பார்த்தார். நான் வழக்கம்போல எடுக்கக் கையை நீட்டினேன்.

"இரு," என்றார். "அத மறுபடி வை."

வைத்தேன். இரண்டாவது முறை பார்த்தார். "ஓகே" என்றார். கருவி பழுப்பு அடிக்கிறது என்றது. என் கையில் தகடு இருந்தது. அந்த நிமிடமே நான் கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. நோட்டை எடுத்து முதல் வரி எழுதினேன். தேதி, நிறம், அக்கா சொன்னது, கருவி சொன்னது, எத்தனை முறை பார்த்தார். ஒரு வரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து வரி சேரட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது வரி இரண்டு நாள் கழித்து, பச்சை. மூன்றாவது மறுபடி சிவப்பு. நீலத்திலும் வெள்ளையிலும் தவறே இல்லை. மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்த மருந்தைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அது ஏன் கண் நரம்பைத் தொடுகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியவில்லையாம். நரம்புக்குத் தேவையான செம்பைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு கருத்து. எடைக்கு மிஞ்சிய அளவு போனால் ஆபத்து கூடும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியாமல் வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வருட மெடிக்கலில் நிறப் பரிசோதனை உண்டு. அதில் தேறாதவருக்கு அந்த அறையில் இடமில்லை. நான் சொல்வது தவறாக இருந்துவிட்டால், ஒரு சந்தேகத்துக்காக அவர் வேலையைக் கெடுத்தவள் ஆவேன். ஆகவே தவறாக இருக்க முடியாத அளவுக்கு எழுதினேன். எழுதும்போதெல்லாம் அவருக்கு நல்லது செய்வதாகவே தோன்றியது.

நடுவில் கணபதி விசர்ஜன ஊர்வலம் எங்கள் தெருவில் போனது. பால்கனியில் நின்று பார்த்தோம். கீழே எல்லோர் தலையிலும் முகத்திலும் குலால் என்கிற சிவப்புப் பொடி, தெருவே சிவந்து கிடந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "இந்த வருசம் மண்ணக் கலந்துட்டானுக போல."

"ஆமாக்கா," என்றேன். உள்ளே வந்து ஏழாவது வரி எழுதினேன்.

பத்தாவது வரி விழுந்தது ஒரு சனிக்கிழமை. முதல் வரியிலிருந்து பதினாறாவது நாள். வீட்டுக்கு வந்ததும் தேநீர் போட்டு, நோட்டை அவர் முன் வைத்தேன். கண்ணுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். சண்டை போடுவார், மெஷினைச் சரிபார் என்பார் என்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவரோ நோட்டை மூடி, "கண்ணாஸ்பத்திரி எத்தன மணி வரைக்கும்?" என்றார்.

நகரத்தில் கேம்ப் என்ற பகுதியில் இருந்த கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். முதல் அட்டையில், "பாரா," என்றார் அக்கா. பன்னிரண்டு. எல்லோருக்கும் தெரியும் அட்டை அது. பிறகு ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றிலும் எனக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. அவர் ஒவ்வொன்றையும் குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. "நஹீ திக்தா," தெரியவில்லை என்றார். அட்டைகள் முடியும்வரை அதையேதான் சொன்னார்.

"எத்தனை நாளாக?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"ஒரு வாரம் இருக்கும்," என்றார் அக்கா.

நான் குறுக்கிட்டேன். "பதினாறு நாள், டாக்டர்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் அந்த மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, டிபி டாக்டருக்குப் போன் செய்தார். அந்த ஒரு மருந்தை விட்டுவிட்டு மற்றவற்றைத் தனித்தனியாகத் தொடரலாம் என்று பேசி முடித்தார்கள். அக்காவை எடை பார்த்தார்கள், செருப்பைக் கழற்றச் சொல்லி. நாற்பத்தெட்டரை. சிகிச்சையில் கொஞ்சம் கூடியிருக்கும், அப்படியும் நாற்பத்தெட்டரை. அதுதான் காரணமா என்று கேட்டேன். "இருக்கலாம். சரியான அளவிலும் சிலருக்கு வரும்," என்றார் டாக்டர். பார்வை திரும்புமா என்று அக்கா கேட்டார். "பார்ப்போம். மாதங்கள் ஆகும். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்லியிருப்பேன்."

வெளியே சிக்னலில் ரோட்டைத் தாண்ட நின்றோம்.

"உனக்குப் பதினாறு நாளு," என்றார் அக்கா. "எனக்கு நாப்பது."

எனக்குப் புரியவில்லை.

"நாப்பது நாளா மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்துத்தான் அம்மிணி ரோடு தாண்டறேன். ஆகஸ்டுல ஒரு நாள் தக்காளி அறுக்கறேன், சாம்பல் பூத்தாப்புல இருக்குது. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அப்பறந்தான் உன் நம்பரக் கேட்டுக் கேட்டு ஓட்டுனேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மாத்தரய நிறுத்துவாங்க, கட்டி திரும்பி வரும்னு பயம். வேல போயிரும்னு பயம். ஆறு மாசந்தான, பல்லக் கடிச்சுட்டு முடிச்சரலாம்னு." சிக்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கேப்பேன்னு பாத்தேன். மெசினு வெச்சிருக்கறவ, ஒரே வூட்டுல இருக்கறவ, உனக்குத் தெரியாமயா இருக்கும்? கேட்டா சொல்லிரலாம்னு தெனமும் வந்து அந்த ஸ்டூல்ல உக்காருவேன். நீ நோட்டுல என்னமோ எழுதுவ."

பச்சை விழுந்தது. இருவரும் தாண்டவில்லை. மறுபடி சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்த பிறகு கூட்டத்தோடு நடந்தோம்.

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கம்பெனியில் விஷயத்தைச் சொன்னோம். அவரை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கணினித் திரையில் எழுத்து மங்கியது, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு பக்கத்தில் நாலு வரிதான் தெரியும். மாத்திரை முடியும்வரை மோஷி வீட்டிலேயே இருந்தார். நாங்கள் முன்போலவே சாப்பிட்டோம், பேசினோம். சிகிச்சை முடிந்தது, கட்டி போய்விட்டது. அடுத்த மாதம் திருப்பூருக்கு ரயில் ஏறினார். அங்கே பழைய சாயப்பட்டறையில், வெளுத்த துணியின் வெண்மையைத் தரம் பிரிக்கும் வேலையை ஒருவர் கொடுத்தார். அதற்குச் சிவப்பு தேவையில்லை.

இப்போது அறையில் கண் முடிவையும் நானே எழுதுகிறேன். சூப்பர்வைசர் ஒருமுறைகூட மறுத்துப் பேசுவதில்லை. வீட்டின் மற்ற அறைக்கு நாக்பூர்ப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். காதில் எப்போதும் ஹெட்போன், வாரத்தில் நாலு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கூப்பிடுகிறேன்.

போன ஞாயிறும் கூப்பிட்டேன். கண் எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லாருக்குது."

ஒரே மூச்சில் வந்த பதில். முன்பென்றால் சரி என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போயிருப்பேன்.

"நெஜமாவாக்கா? எவ்வளவு தெரியுது?"

மறுமுனையில் யந்திரச் சத்தம் கேட்டது. அவர் பட்டறையை விட்டு வெளியே நடந்து வருவது தெரிந்தது, சத்தம் குறைந்தது.

"எழுத்து வந்துருச்சு. பேப்பர் படிக்கறேன். பச்ச முக்காவாசி. செவப்புதான் இன்னும் வரல அம்மிணி. காஞ்ச ரத்தமாட்டம் இருக்குது. வருமான்னு டாக்டருக்கும் தெரியல." பிறகு, "தனியா இருக்கறப்பதான் கொஞ்சம் பயமா இருக்குது," என்றார்.

"இத ஏன்க்கா இத்தன வாரமா சொல்லல?"

"நீ கேட்டாத்தான சொல்லுவேன்."